பராமரிப்புச் செலவில் ஐந்து பேர்

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. அதை மறைத்து எழுத எனக்கு வராது.

போன மாதம் வங்கிக்குப் போனேன். கதவு பூட்டியிருந்தது. "திறன் மதிப்பீட்டின் அடிப்படையில் இக்கிளை மூடப்படுகிறது. மதிப்பெண்: 0.44" என்று ஒரு தாள் ஒட்டியிருந்தது. (மதிப்பெண்ணைக் கதவில் யாராவது ஒட்டுவார்களா என்று கேட்காதீர்கள். ஒட்டியிருந்தார்கள். பெருமை போலிருக்கிறது.) என் கையெழுத்து ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு மாதிரி விழும். அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு இன்னொரு படிவம் நீட்டும் காசாளர் அம்மா, அந்தக் கதவுக்குப் பின்னால் இருபது வருடம் உட்கார்ந்திருந்தார். அந்தச் சிரிப்பை இந்த 0.44-இல் எங்கே சேர்த்தார்கள்?

வயிறெரிய வீட்டுக்கு வந்து, திட்டுவதற்கு ஒரு வில்லி வேண்டுமென்று எழுத உட்கார்ந்தேன்.

2

முதல் தொடக்கம்: "அவளுக்கு இதயம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கால்குலேட்டர்…"

சே.

இரண்டாவது: "மழை பெய்துகொண்டிருந்த அந்தக் காலையில்…" மழைக்கும் வங்கிக்கும் என்ன சம்பந்தம்?

மூன்றாவது: அலுவலகத்தில் அவளுக்குத் 'தசமம்' என்று பட்டப்பெயர். ஒரு பெரிய வங்கியின் தலைமையகத்தில் உட்கார்ந்து நானூறு கிளைகளையும் அளப்பது அவள் வேலை. ஒரு கிளை எதையெல்லாம் விழுங்குகிறது என்று பார்ப்பாள்: ஆட்கள், இடம், மின்சாரம். பதிலுக்கு எதைத் தருகிறது என்று பார்ப்பாள்: கடன், வைப்பு, பரிவர்த்தனை. குறைவாக விழுங்கி நிறையத் தருகிற கிளைக்கு 1. மற்றவை அதோடு ஒப்பிடப்பட்டு 0.9, 0.6 என்று இறங்கும். பாதிக்குக் கீழே போனால் பூட்டு. இந்த வருடம் அப்படி முப்பத்தொரு கிளைகள். அவள் கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

[அந்த முப்பத்தொன்றில் ஒன்றில் அவளுடைய அக்காவை வேலைக்கு வைத்திருந்தேன். எடுத்துவிட்டேன். கூடப்பிறந்தவள் இருந்தால்தான் மனசு உறுத்துமா?]

3

1 வாங்கியது பதினேழாம் கிளை. பட்டியலில் மூன்றே ஊழியர்கள்; செய்திருந்த வேலையோ மலைக்க வைத்தது. 'மற்ற கிளைகள் கற்க வேண்டியவை' என்று அறிக்கையில் ஒரு பக்கம் எழுத வேண்டியிருந்ததால், தசமம் அதை நேரில் பார்க்கப் போனாள்.

(முதல் வரைவில் மேலாளரோடு கைகுலுக்கிவிட்டுத் திரும்பிவிட்டாள். கதை சிக்கனமாக இருந்தது, செத்தும் கிடந்தது. இன்னொரு முறை அனுப்பினேன்.)

உள்ளே நுழைந்ததும் பழக்கதோஷத்தில் வேலை செய்கிற தலைகளை எண்ணினாள். எட்டு. மறுபடி எண்ணினாள். எட்டேதான். கவுன்ட்டருக்குப் பின்னால் மூன்று பேர். முன்னால், கழுத்தில் அட்டை இல்லாமல் ஐந்து பேர்: படிவம் நிரப்புகிற இருவர், கோப்பு சுமக்கிற ஒருவர், மெஷினில் பணம் போட்டுக்கொடுப்பவர். ஐந்தாவது ஆள் ஒரு பெண்மணி. டோக்கன் மெஷினுக்குப் பக்கத்தில், சாய்மானம் இல்லாத ஸ்டூலில் உட்கார்ந்து கடன் விண்ணப்பங்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

"எத்தன வருஷமா இங்க இருக்கீங்கம்மா?"

"பதினோரு வருஷம்."

"உங்க பேரு லிஸ்ட்ல இல்லியே?"

ஸ்டூல்காரம்மா சிரித்தார். "நாங்க ஏஜென்சிம்மா. ஆள் கணக்குல வரமாட்டோம். பராமரிப்புச் செலவுன்னு ஒண்ணு இருக்குல்ல, அதுல வருவோம். ஏசி, லிஃப்ட், நாங்க."

தசமத்துக்குச் சுருக்கென்றது. எட்டுப் பேர் முதுகொடிந்து செய்ததை மூன்று பேர் செய்ததாக நம்பி, அதை வைத்து நானூறு கிளைகளையும் மட்டம் தட்டியிருக்கிறாள்.

"இத நான் சரி பண்றேம்மா. உங்களையும் ஆளா எண்ணணும்."

ஸ்டூல்காரம்மாவின் சிரிப்பு நின்றது. "ஐயோ, அத மட்டும் பண்ணிடாதீங்க. எண்ணினா இத்தன பேர் எதுக்குன்னு கேப்பாங்க. மொதல்ல எங்களத்தான் அனுப்புவாங்க. என் பொண்ணு இப்பதான் காலேஜ் சேந்திருக்கா."

4

மற்ற கிளைகளுக்குப் போன் போட்டு விசாரித்தாள். அட்டை இல்லாத ஆட்கள் வேறெங்கும் இல்லை. எட்டுப் பேரையும் சேர்த்துக் கணக்கைத் திருப்பிப் போட்டாள். பதினேழு 0.48-க்கு இறங்கியது. மூட வேண்டிய முப்பத்தொன்றில் இருபத்தாறு கோட்டுக்கு மேலே ஏறின. 0.44 வாங்கியிருந்த கிளை 0.56 ஆனது.

மேலதிகாரி இரண்டு அறிக்கைகளையும் புரட்டினார். "நல்லா கண்டுபிடிச்சிருக்கீங்க. புதுசுல கையெழுத்து போட்டா இருபத்தாறு கிளை பிழைக்கும். பதினேழுல அந்த அஞ்சு பேரை நாளைக்கே நிறுத்திடுவோம். அந்தக் கிளையும் நிமிந்துடும்."

"நிறுத்திட்டா அவங்க வேலைய யார் சார் செய்வாங்க?"

"அது அடுத்த வருஷ அறிக்கைம்மா. பழசுலயே போட்டாலும் எனக்கு ஒண்ணுமில்ல. நாலு மணிக்கு போர்டு மீட்டிங். உங்க இஷ்டம்."

இதை எழுதிவிட்டு எழுந்து போய் முகம் கழுவி வந்தேன். இந்த ஆளை நான்தான் உண்டாக்கினேன். ஆனாலும் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருக்கிறது. குற்றம் செய்தது இவருடைய வங்கி. அதற்கு யாரைப் பலி கொடுப்பது என்று முடிவு செய்ய வேண்டியது அவளாம்!

5

முடிவு ஒன்று: புதிய அறிக்கையில் கையெழுத்துப் போடுகிறாள். இருபத்தாறு பெரிது, ஐந்து சிறிது. (இது அப்படியே மேலதிகாரியின் கணக்கு. அவள் கையால் நான் போடமாட்டேன்.)

முடிவு இரண்டு: பழைய அறிக்கையில் போடுகிறாள். ஸ்டூலில் ஸ்டூல்காரம்மா. காசாளர் அம்மா வீட்டில்.

முடிவு மூன்று: இரண்டையும் கிழித்து மேசையில் வீசிவிட்டு வெளியேறுகிறாள். நீங்கள் கைதட்டுவீர்கள். ஐந்து நிமிடத்தில் அவள் நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்து பழையதையே இன்னொரு பிரதி எடுத்து…

இது எதுவும் பிடிக்கவில்லை. ஆனால் நான் பார்த்த கதவு பூட்டியிருந்தது, அதில் 0.44 என்றுதான் இருந்தது. யாரோ பழையதில் போட்டிருக்கிறார்கள். அது அவள்தான் என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

6

கடைசியாக, இந்தக் கதையில் எத்தனை பேர் என்று எண்ணினேன். தசமம், மேலதிகாரி, காசாளர் அம்மா, ஸ்டூல்காரம்மா. நான்கு. அட்டை இல்லாத ஐந்து பேரில் ஒருவரைத்தான் பேசவிட்டிருக்கிறேன். மற்ற நால்வரை அரை வரியில் முடித்துவிட்டேன். அவர்களில் யார் ஆண், யார் பெண் என்றுகூட எனக்குத் தெரியாது. கேட்டால் கதையில் இடமில்லை என்பேன். மேலதிகாரியும் அதைத்தான் சொல்வார்.

மணி மூன்று ஐம்பது. இரண்டு அறிக்கைகளும் மேசைமேல் இருக்கின்றன. தசமம் பேனாவை உங்கள் பக்கம் நகர்த்துகிறாள். எதில் போடுவதாக இருந்தாலும், முதலில் அந்த நால்வரிடம் போய் ஒரு வார்த்தை பேசிவிட்டு வாருங்கள். நான் பேசவில்லை.