கேள்வி மட்டும் தெரியும்

என் வீட்டுக்காரர் ஆட்டோ எலக்ட்ரீஷியன். பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு அவர்தான் வைத்தியர். வண்டி கிளம்பவில்லை என்றால் அவருக்குப் போன் வரும், அதுவும் நாங்கள் சாப்பிட உட்காரும் நேரம் பார்த்து. ஒரு கை தட்டில் இருக்க, தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு ஆரம்பிப்பார்.

"சாவியத் திருப்புனா சத்தம் எப்படி வருது? டொக்குனு ஒரு தடவையா, டகடகன்னு நிக்காம வருதா?" பிறகு ஒரு 'ம்ம்'. "ஹெட்லைட்டப் போட்டுட்டுத் திருப்பு. லைட் மங்குதா, ஒரேயடியா அணையுதா, இல்ல அப்படியே இருக்கா?" இன்னொரு 'ம்ம்'. "இப்ப வயரெல்லாம் ஒவ்வொண்ணா தொட்டுப் பாரு. எங்க சுடுது?"

அந்தப் பக்கம் என்ன சொன்னார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? கடைசியில், "ஓ, அதுவா! அங்கேயே இரு, வரேன்" என்று கையைக் கழுவிக்கொண்டு கிளம்பிவிடுவார். எதுவாம் என்று கேட்டால், "அதச் சொல்லிட்டா அப்புறம் என்னை இந்த வீட்ல யாரு மதிப்பாங்க?" என்பார். இத்தனை வருடத்தில் கேள்விகள் எல்லாம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். பதில் ஒன்றுகூடத் தெரியாது.

இப்போது அவரிடம் ஒரே ஒரு பதில்தான் இருக்கிறது. பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்ததோடு பேச்சும் போய்விட்டது. மிஞ்சியது 'ஆமா' மட்டும். தண்ணி வேணுமா? ஆமா. வேண்டாமா? ஆமா. தலையாட்டச் சொன்னாலும் மேலும் கீழும்தான் ஆட்டுகிறார். சுட்டிக் காட்டுங்கள் என்றால் நல்ல கையின் விரல் ஜன்னல் பக்கம் போகும், கூரைக்குப் போகும், எங்கேயோ போகும். உள்ளே எல்லாம் புரியலாம், புரியாமலும் இருக்கலாம், பொறுத்துப் பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். இதைச் சொல்ல ஒரு டாக்டர் எதற்கு என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவரைத் தூக்கித் தூக்கி என் இடுப்பு போய்விட்டது. போன வாரம் குளியலறையில் இருவரும் சேர்ந்தே விழுந்தோம். அதற்குப் பிறகுதான் என் கொழுந்தனார், படுத்துவிட்டவர்களை வைத்துப் பார்த்துக்கொள்கிற ஹோம் பேச்சை எடுத்தார். அவர் ஸ்கூல் வேன் ஓட்டுபவர், அண்ணன் மேல் உயிரையே வைத்திருப்பவர். கெட்டவர் என்றால் நான் இரண்டு வார்த்தை கேட்டுவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து வாசலிலேயே நின்றார். "நாளைக்குக் கூட்டிட்டு வரச் சொல்லிட்டாங்க அண்ணி. நல்ல இடம். ராத்திரியும் ஆள் இருக்காங்க."

"அவருக்கு எல்லாம் புரியுது தம்பி. நம்மளக் கொண்டாந்து விட்டுட்டுப் போறாங்கன்னு தெரிஞ்சுக்கிட்டே அங்க கிடக்கணுமா?"

"புரியுதுன்னு எனக்குத் தெரிஞ்சா நானே விடமாட்டேன் அண்ணி. என் வீட்ல ஒரு ரூம் ஒழிச்சுக் குடுத்து, நானே பாத்துக்குவேன். ஆனா ஒண்ணும் புரியாதவருக்காக நீங்க இடுப்ப ஒடிச்சிக்கிட்டு..." முடிக்காமல் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

எனக்கு எங்கிருந்துதான் அந்த யோசனை வந்ததோ. "ஷெட்டத் திறங்க" என்றேன். "கார் ஏன் ஸ்டார்ட் ஆகலன்னு உங்க அண்ணன் இன்னிக்கு உங்களுக்குக் காட்டுவாரு."

ஷெட்டில் நிற்பது எங்கள் சொந்த வண்டி. எங்கள் இருவரையும்விட வயதானது, ஆனால் பவிசுக்குக் குறைச்சல் கிடையாது. இன்ஜினைக் கழற்றி இறக்கி, உள்ளே இருந்த துருவை எல்லாம் சுரண்டி, பானெட்டுக்குக் கீழே யாரும் பார்க்காத இண்டு இடுக்குக்குக்கூட வெண்ணெய் நிறத்தில் பெயிண்ட் அடித்து, திரும்பப் பூட்டினார். பூட்டி முடித்த அன்றைக்குச் சாவியைத் திருப்பினார். டொக் என்றது. அவ்வளவுதான். "காப்பி குடிச்சிட்டு வந்து உன்ன கவனிக்கிறேன்" என்று வண்டியிடம் சொல்லிவிட்டு அடுக்களைக்கு வந்தவர் அங்கேயே சரிந்தார். அதனால் கோளாறு என்னவென்று அவரும் கண்டுபிடித்திருக்கவில்லை. இன்றைக்குத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

சக்கர நாற்காலியை மட்கார்டை ஒட்டி நிறுத்தினேன். பானெட்டைத் திறந்ததும் அவர் முகம் மாறியது. எனக்கு அப்படித்தான் தெரிந்தது. கொழுந்தனாரைப் பார்த்தேன், அவர் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"திருப்புங்க தம்பி."

சத்தமே இல்லை. பேட்டரி இத்தனை மாதம் சும்மா கிடந்து செத்திருந்தது. கொழுந்தனார் தன் வேனைக் காருக்குப் பக்கத்தில் ஒட்டிக் கொண்டுவந்து, கேபிளை எடுத்து, வேன் பேட்டரியிலிருந்து எங்கள் பேட்டரிக்கு இரண்டு பக்கமும் கவ்வவிட்டார். மறுபடி திருப்பினார். டொக்.

"சத்தம் டொக்குனு ஒரு தடவையா, டகடகன்னு வருதா?" என்று, போனில் என் வீட்டுக்காரர் கேட்பதைப் போலவே கேட்டேன். யாரைக் கேட்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

"ஒரு தடவதான் அண்ணி. அப்படின்னா என்ன?"

"எனக்கென்ன தெரியும்? அவரக் கேளுங்க."

"அண்ணா, பேட்டரியாண்ணா?"

"ஆமா."

"செல்ஃப் மோட்டாரா?"

"ஆமா."

"சாவி ஸ்விட்சா?"

"ஆமா" என்றார், இந்தத் தடவை இன்னும் சந்தோஷமாக. கொழுந்தனார் என்னைப் பார்த்த பார்வையில் வெறும் இரக்கம்தான் இருந்தது. ஓங்கி ஓர் அறை விட்டிருந்தாலும் எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

"ஹெட்லைட்டப் போட்டுட்டுத் திருப்புங்க" என்றேன் விடாமல். விளக்கு சுவரில் நன்றாகத்தான் எரிந்தது. சாவியைத் திருப்பியதும் அணைந்தது, விட்டதும் மறுபடி எரிந்தது. மங்கவில்லை, ஒரேயடியாக அணைந்தது. இதுவரை நான் கேட்டேயிராத பதில் கண்முன்னால் நிற்கிறது, அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியவில்லை. இத்தனை வருடம் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டேனே, ஒரு நாளாவது பிடிவாதம் பிடித்துக் கேட்டிருக்கக் கூடாதா? அவர் மேலும் கோபம் வந்தது. பெரிய ராணுவ ரகசியம்!

"லைட் அணையுதுங்க, பாத்தீங்களா?" என்று குனிந்து அவர் முகத்தைப் பிடித்தேன். "உங்களுக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியுமில்ல? எதுன்னு காட்டுங்க."

"ஆமா" என்றார். விரல் ஷெட்டின் கூரையைக் காட்டியது. அங்கே ஒரு பல்லி இருந்தது.

"போதும் அண்ணி" என்றார் கொழுந்தனார் மெதுவாக.

"ஒண்ணு பாக்கி இருக்கு. நாலஞ்சு தடவ விடாம திருப்புங்க."

டொக், டொக் என்று கொழுந்தனார் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் நாற்காலியை இன்னும் நெருக்கி, என் வீட்டுக்காரரின் இடது கையைப் பிடித்து, சின்னப் பிள்ளைக்கு எழுதப் பழக்குகிற மாதிரி ஒவ்வொரு இடமாக வைத்தேன். பேட்டரித் தலையில் வைத்தேன். ஆமா. தடித்த சிவப்பு வயரில் வைத்தேன். ஆமா. பேட்டரியிலிருந்து வண்டி உடம்புக்குப் போகிற எர்த் பட்டை, பாடியில் போல்ட் போட்டு முறுக்கியிருந்த இடத்தில் வைத்தேன்.

வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார். 'ஆமா' வரவில்லை. வாய் திறந்து மூடியது. பிறகு, நான் பிடிக்காமலே, அந்தக் கை மறுபடி போல்ட் பக்கம் போனது. போனது என்று நான் சத்தியம் செய்வேன். ஆனால் நான் பார்க்க ஆசைப்பட்டது அதைத்தான், அதனால் என் கண்ணையும் முழுசாக நம்ப முடியவில்லை. கொழுந்தனார் அப்போது டாஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டிருந்தார்.

"இங்க! இங்க சுடுது தம்பி! இதக் கழட்டுங்க!"

ஸ்பேனர் போட்டுக் கழற்றினார். பட்டைக்கு அடியில் வெண்ணெய் நிறப் பெயிண்ட் பளபளவென்று இருந்தது. அழகு பார்த்து அடித்தவர் அந்த ஒரு ரூபாய் அளவு இடத்தைக்கூட விட்டுவைக்கவில்லை. இரும்பு இரும்பைத் தொட்டால்தானே கரண்ட் போகும்? விளக்குக்குப் போதுமான கரண்ட் எப்படியோ போல்ட்டின் மரைச் சுற்று வழியாகக் கசிந்திருக்கிறது, இன்ஜினைச் சுற்றுகிற அளவு போகவில்லை. வேறு யாராவது இப்படிச் செய்திருந்தால் அவர் ஒரு வாரம் சொல்லிச் சிரித்திருப்பார்.

கொழுந்தனார் உப்புத்தாளால் தேய்த்து, இரும்பு வெள்ளையாகத் தெரிந்ததும் பட்டையை இறுக்கினார். சாவியைத் திருப்பினார். செல்ஃப் இரண்டு சுற்று முனகி மூன்றாவதில் இன்ஜினைத் தூக்கிவிட, ஷெட் முழுக்கப் புகையும் சத்தமும். நான் கத்தினேன். கொழுந்தனார் வண்டியிலிருந்து குதித்து இறங்கி அண்ணனைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதார். நானும் அழுதேன். ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

சற்று நேரம் கழித்து, கொழுந்தனார் சத்தத்துக்கு மேலே என் காதருகில் வந்து சொன்னார். "அண்ணி, தப்பா எடுத்துக்காதீங்க. சுட்டா கைக்குழந்தைகூட கைய இழுக்கும்."

"மறுபடியும் தொடப் போனாருப்பா."

"நான் பாக்கல அண்ணி. பாத்திருக்கணும்னு இருக்கு. எனக்கும் ஆசையா இருக்கு." மூக்கை உறிஞ்சினார். "நீங்களே சொல்லுங்க. புரியுதுன்னு நீங்க சொன்னா, நாளைக்குப் போக வேண்டாம். இப்பவே போய் ரூம ஒழிக்கிறேன். நீங்க சொன்னா போதும்."

ஒரு வார்த்தை. நான் சொன்னால் போதும். கார் இன்ஜின் சீராக ஓடிக்கொண்டிருந்தது. வாய் வரை வந்த வார்த்தை அங்கேயே நின்றது. அந்தக் கை நிஜமாகவே திரும்பிப் போனதா? நான் சொல்லி, கொழுந்தனார் நம்பி, அவர் பெண்டாட்டி பிள்ளைகள் இடம் கொடுத்து, கடைசியில் உள்ளே யாருமே இல்லை என்றால்? நான் சொல்லாமல் விட்டு, உள்ளே என் வீட்டுக்காரர் இருந்தால்? வேறு வழி தெரியாமல் நாற்காலிக்கு முன்னால் மண்டியிட்டு, கேட்கவே கூடாததை அவரிடமே கேட்டேன்.

"ஏங்க, நாளைக்கு உங்கள ஹோம்ல கொண்டுபோய் விடட்டுமா?"

அவர் இன்ஜினையே பார்த்துக்கொண்டிருந்தவர் என் பக்கம் திரும்பினார். என் இடுப்பில், வலிக்கிற அந்த இடத்தில், நல்ல கையை வைத்து மெல்லத் தட்டிக்கொடுத்தார்.

"ஆமா" என்றார்.