உள்பக்கத் தாழ்ப்பாள்

தாழ்ப்பாளை எந்தப் பக்கம் போடுவது என்று தச்சர் கேட்டார். வெளிப்பக்கம்தானே என்று பதிலையும் அவரே வைத்திருந்தார். வயதானவர்கள் இருக்கும் வீட்டில் எல்லாரும் அப்படித்தான் போடச் சொல்வார்களாம், அவர்கள் எழுந்து எங்காவது போய்விடாமல் இருக்க.

"இது என் ரூம். உள்பக்கம் போடுங்க," என்றேன்.

என் நெற்றியில் இருந்த பிளாஸ்திரியை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் துளை போட ஆரம்பித்தார்.

ஹாலில் விசில் ஊதியது. எங்கள் அம்மா பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சராக இருந்தவள். இடுப்பெலும்பு உடைந்து வாக்கர் பிடித்து நடக்கிறாளே தவிர, கை இரண்டும் இரும்பு. புத்தியும் தெளிவு. மறதி கிறதி எதுவும் இல்லை என்று டாக்டரே சொல்லிவிட்டார். அந்தப் பழைய விசிலைக் கழுத்தை விட்டு இறக்கவே மாட்டாள். ஊதினால் நான் ஓட வேண்டும். பார்க்க வருகிறவர்கள் அதைக் கேட்டுச் சிரிக்கிறார்கள். இந்த வயசுலயும் என்ன மிடுக்கு பாருங்க என்கிறார்கள். அந்த மிடுக்கின் அடையாளமெல்லாம் என் முழுக்கைச் சட்டைக்குள்ளே இருக்கிறது.

வந்து போகிறவர்களுக்கு அம்மா தங்கம். தொட்டுச் செய்கிறவளுக்குத்தான் அடி. தையல் கடை வேலையை விட்டுவிட்டு இவளைப் பார்த்துக்கொள்ள வந்தேன் பாருங்கள், எனக்குத்தான். சாப்பாடு ஆறியிருந்தால் தட்டு பறக்கும். போன வாரம் ஒரு மதியம் கொஞ்சம் கண்ணசந்துவிட்டேன். விசில் காதில் விழவில்லை. வாக்கரைத் தள்ளிக்கொண்டு வந்து, தூங்குகிறவள் நெற்றியில் டார்ச் லைட்டால் ஒரு போடு போட்டாள். தையல் போட்ட டாக்டரிடம் பாத்ரூமில் வழுக்கிவிட்டது என்றேன். பார்த்து நடங்கம்மா என்று அவரும் அறிவுரை சொல்லி அனுப்பினார்.

அன்றிலிருந்து கண்ணை மூடவே பயமாக இருக்கிறது. மூடிய கதவுக்குப் பின்னால் ஒரு மணி நேரம் தூங்க வேண்டும். அவ்வளவுதான் என் பேராசை.

தச்சர் கிளம்பின கையோடு அம்மா அண்ணனுக்குப் போன் போட்டாள். "உன் தங்கச்சி கதவைச் சாத்திட்டுப் படுத்துக்கப் போறாளாம். நான் இங்க விழுந்து கிடந்தாலும் கேக்க நாதியில்ல."

மரத்தூளைக் கூட்டி முடிப்பதற்குள் அண்ணன் பழப் பையோடு வந்து நின்றான். என்ன ஏது என்று கேட்கவில்லை. நேரே போய்த் தாழ்ப்பாளை ஆட்டிப் பார்த்தான்.

"இதைக் கழட்டிடு. நாலு பேர் பார்த்தா என்ன நினைப்பாங்க?"

நெற்றியைத் தொட்டுக் காட்டினேன். "அம்மா டார்ச்சால அடிச்சது."

"அம்மா அடிச்சா அதெல்லாம் ஒரு அடியா? சின்ன வயசுல நாம வாங்காததா? நீ என்ன ஏட்டிக்குப் போட்டி பேசினியோ."

எனக்கு ஐம்பத்திரண்டு வயதாகிறது.

"சரிண்ணா, கழட்டிடறேன். இன்னிக்கு ஒரு நாள் அம்மாவை நீ பாரு. முதல்ல அந்த சாக்ஸை மாட்டி விடு."

"இது என்ன பெரிய பிரம்ம வித்தையா," என்று கையை மடித்துவிட்டுக்கொண்டான்.

கால் வீக்கத்துக்கு டாக்டர் கொடுத்த இறுக்கமான சாக்ஸ் அது. முழங்கால் வரை இழுக்க வேண்டும், அம்மாவுக்கு வலிக்கும். நான் எப்போதும் பக்கவாட்டில் உட்கார்ந்து, தலையை எட்ட வைத்துக்கொண்டுதான் மாட்டுவேன். எதிரே குனிந்தால் தலை நேராக அவள் கைக்கு வரும். இதை அண்ணனிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அம்மா அடித்தால்தான் அடியே இல்லையே.

அவன் பாசமாக எதிரே மண்டி போட்டான். "என் ராஜா," என்று அம்மா அவன் தலையைத் தடவினாள். சாக்ஸ் கணுக்காலைத் தாண்டியதும், தடவிய அதே கை அவன் காதோடு சேர்த்து ஓர் அறை விட்டது.

"அம்மா, நான்தாம்மா," என்றான், ஆள் மாறி விழுந்துவிட்டது போல.

அம்மாவுக்கு ஆள் நன்றாகவே தெரிந்திருந்தது. வாக்கரைத் தூக்கி அவன் தோளில் இறக்கினாள். அண்ணன் எழுந்து, பின்பக்கமாகவே நடந்து, என் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. எனக்கென்று போட்ட தாழ்ப்பாளை முதன்முதலில் போட்டது அவன்தான்.

சாக்ஸை நான் மாட்டி முடித்தேன். அம்மா பழம் கேட்டாள், உரித்துக் கொடுத்தேன்.

ரொம்ப நேரம் கழித்து அவன் வெளியே வந்தான். காது சிவந்து தடித்திருந்தது. ஆபீசில் அவசர வேலை வந்துவிட்டது என்றான். வாசலில் செருப்பை மாட்டும்போது குரலைத் தாழ்த்தினான்.

"உங்க அண்ணிகிட்ட இதையெல்லாம் சொல்லிட்டிருக்காத. அசிங்கம்."

"சொல்லலை."

"அம்மாவுக்கு வயசாயிடுச்சு. நீதான் கொஞ்சம் அனுசரிச்சுப் போகணும்."

தாழ்ப்பாளைப் பற்றி அவன் மூச்சே விடவில்லை. ஹாலில் விசில் ஊதியது. அவன் ஓடாத குறையாகப் படியிறங்கிப் போனான். நான் உள்ளே போனேன்.