பிறகு வா என்று சொல்லும் இயந்திரம்

பழைய கட்டடத்தின் மாடி அறைக்கு, அங்கிருந்த கணினியைப் பழைய இரும்புக் கடையில் போட்ட பிறகும் மின்னஞ்சல் வந்துகொண்டிருந்தது. கடிதங்கள் சுவரில் வந்தன. மழைக்கசிவு போல முதலில் ஈரம் படரும், அதில் எழுத்து தெளியும், பொழுது சாய்வதற்குள் காய்ந்துவிடும். காலி அறைக்குக் காவலிருந்தவர் தினமும் அதைப் படித்துவிட்டுத்தான் டீ குடிக்கப் போவார்.

அந்த அறையில் முன்பு ஒரு பரிசோதனைக்கூடம் இருந்தது. நோயாளியின் கட்டியிலிருந்து கிள்ளிய சதையைப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பி, முடிவை மின்னஞ்சலில் பெற்றுத் தருவது அதன் வேலை. கூடம் எதிர்ச்சாரிக்கு மாறியபோது, அதன் கணினிகளைப் பார்த்துக்கொண்டவர், எல்லோரும் சர்வர்காரர் என்று அழைத்தவர், டிஎன்எஸ் பதிவைத் திருத்தினார். கூடத்தின் கடிதங்களை எந்த இயந்திரத்திடம் கொடுக்க வேண்டும் என்று உலகத்துக்குச் சொல்லும் பதிவு அது. புதிய இயந்திரத்தை முதலாவதாக எழுதினார். அது படுத்துவிட்டால் உதவட்டும் என்று பழையதை இரண்டாவதாக விட்டுவைத்தார். அந்தத் தொழிலில் எல்லோரும் செய்வதுதான். பழையது கடைக்குப் போன அன்று அந்த வரியை அழிக்க மறந்தார்.

அதன்பின் கடிதங்கள் தாமாகவே பிரிந்துகொண்டன. நல்ல முடிவுகள் புதிய இயந்திரத்துக்கு வந்தன. மற்றவை சாலையைக் கடக்காமல் சுவருக்குப் போயின. சுவரில் பெயர் வந்தவர்கள் ஒருவர்கூடத் தப்பவில்லை. "எம்பேரு வந்தா மட்டும் சொல்லாதீங்க சார், நானே படிச்சுக்குறேன்" என்று காவலாளி சிரித்தார். சர்வர்காரர் சிரிக்கவில்லை. அவர் மனைவியின் கழுத்துக் கட்டியிலிருந்து எடுத்த சதை அப்போது மருத்துவமனையில் இருந்தது.

முடிவு வரவில்லை. மருத்துவமனையில் மின்னஞ்சலைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணுக்கு அவர் போன் செய்தார்.

"அனுப்பியாச்சு சார். ஆனா உங்க ரெண்டாவது மெஷினையே போய்த் தட்டிட்டிருக்கு. மொதல்ல இருக்கறதத் தொடவே மாட்டேங்குது."

"வாங்கிக்கிச்சா?"

"இன்னும் இல்ல. பிஸின்னு வருது."

சுவருக்கு அன்றுதான் வெள்ளையடித்திருந்தார்கள். ஈரச் சுவரில் எழுத்து நிற்கவில்லை. சுவர் காய்வதற்குள் சர்வர்காரர் பதிவின் இரண்டாவது வரியை அழித்தார். போக்கிடம் இல்லாத கடிதம் சாலையைக் கடந்து வந்து புதிய இயந்திரத்தைத் தட்டியது. அவர் அதைத் திறக்கவும் இல்லை, திருப்பி அனுப்பவும் இல்லை. இப்போது முடியாது, பிறகு வா என்று அந்த ஒரு கடிதத்துக்கு மட்டும் பதில் சொல்லும்படி இயந்திரத்துக்கு விதி எழுதினார். அப்படிச் சொன்னால் எந்தக் கடிதமும் சில நாள் அலைந்துவிட்டு, அனுப்பியவரிடமே திரும்பிவிடும். இது திரும்பவில்லை.

மற்றவர்களின் கெட்ட செய்திகள் அதன்பின் எல்லோருக்கும் வருவதுபோல வந்தன, அவர்களும் எல்லோரையும் போலச் செத்தார்கள். மனைவியின் கட்டி வளரவும் இல்லை, கரையவும் இல்லை. இயந்திரம் நிற்கக் கூடாது என்பதற்காகச் சர்வர்காரர் வெளியூர் போவதை விட்டார், மகளின் பிரசவத்துக்கும் போகவில்லை. ஓய்வு பெற்றபோது மற்றவர்கள் கைக்கடிகாரம் கேட்கும் இடத்தில் அவர் அந்த இயந்திரத்தைக் கேட்டு வாங்கினார். மின்சாரம் போனாலும் அணையாதபடி பேட்டரிகள் வைத்து, சமையலறையை ஒட்டி நிறுத்தினார்.

மறுக்கப்பட்ட கடிதம் வழக்கமாக வரவர அதிக இடைவெளி விட்டுத்தான் தட்டும். இதன் இடைவெளி ஆண்டுக்கு ஆண்டு குறைந்தது. ஒவ்வொரு தட்டலுக்கும் பச்சை விளக்கு மினுக்கும், மனைவிக்குத் தொண்டை அடைக்கும்.

"என்னங்க, இன்னும் வாசல்லயேதான் நிக்குதா?"

"நிக்கட்டும். நீ வேலையப் பாரு."

விளக்கு மினுக்கும்போது அவள் அடுப்பைத் தணித்துவிட்டு, மூச்சைப் பிடித்தபடி நிற்பாள். இயந்திரம் தன் பதிலைச் சொல்லி முடித்ததும் மூச்சை விட்டு, அடுப்பை மறுபடி கூட்டுவாள். இப்போதெல்லாம் ஒரு பாத்திரம் பால் பொங்குவதற்குள் பலமுறை அப்படி நிற்க வேண்டியிருக்கிறது. சமையல் ஆக நேரமாகும் என்பதால் அந்த வீட்டில் மதியச் சாப்பாட்டை மாலைக்குத் தள்ளி வைத்துவிட்டார்கள்.