மெயினை இறக்கிப் பூட்டும் கை

அருப்புக்கோட்டையில் மிளகாய் வத்தல் கமிஷன் கடை வைத்திருந்த தனுஷ்கோடிக்கு ஒரு பழக்கம். மூட்டை அடுக்கும் கிட்டங்கியைப் பூட்டுமுன் மெயின் சுவிட்சை இறக்கிவிடுவார். வத்தலில் ஒரு பொறி விழுந்தால் போதாதா? அந்தக் கடைத்தெருவில் பாதிப்பேருக்கு அதே கைப்பழக்கம்தான்.

கிட்டங்கியில் பாதியை மருமகள் துர்காதேவி குளிர் அறையாக்கினாள். வியட்நாம் மீன், உறைந்தபடியே கப்பலில் தூத்துக்குடிக்கு வந்து, அங்கிருந்து குளிர் லாரியில் இங்கே வரும். மழைக்கே அண்ணாந்து பார்க்கிற ஊருக்கு ஐஸ் மீனா என்று கடைத்தெரு சிரித்தது. அவள் அசரவில்லை. புரட்டாசி கழிந்து கப்பல் கரை தொடும்படி ஆர்டர் போட்டாள். வெள்ளிக்கிழமை ஜும்மா விருந்துக்கு வீரசோழனுக்கு வியாழனே சரக்கு. ஞாயிறு கூட்டத்துக்குக் காரியாபட்டி ஓட்டல்களுக்குச் சனிக்கிழமை. வெயில் ஏறுமுன் தூரத்து ஊர், பக்கத்தில் இருக்கிற பாலவனத்தம் கடைசி. என்ன மூளை இவளுக்கு என்று தனுஷ்கோடி உள்ளுக்குள் பூரித்துப்போனார். வாய்விட்டுச் சொன்னால் கண்பட்டுவிடும் என்று மீசையைத் தடவிக்கொண்டதோடு சரி.

முதல் லோடு இறங்கிய சாயங்காலம், "பூட்டு உங்க கையால போடுங்க மாமா" என்றாள். போட்டார்.

மறுநாள் காலை காபியை வாயருகே கொண்டுபோனவருக்குச் சுருக்கென்றது. மெயினை இறக்கிவிட்டல்லவா பூட்டினோம். மீன் கெட்டால் முதல் லோடோடு அவள் பேரும் போச்சு. 'கெடுத்தேனே பாவி' என்று செருப்புகூடப் போடாமல் கிட்டங்கிக்கு ஓடினார்.

சாவிக்காக வாசலில் நின்றிருந்தாள் துர்காதேவி. அவள் முகத்தைப் பார்க்க அவருக்குத் தெம்பில்லை.

"தாயி, நேத்து மெயினை இறக்கிட்டேன்."

"தெரியும் மாமா. தெனமும் இறக்குவீகளே."

குளிர் அறையைத் திறந்தாள். வெள்ளைப் புகையாகக் குளிர் வந்து முகத்தில் அடித்தது. ஒரு மீனை எடுத்துத் தட்டினாள், கல்லுமாதிரி இருந்தது.

"இதுக்குத் தனி மீட்டரு, தனி லைனு. உங்க மெயின்ல லைட்டும் ஃபேனுந்தான். நம்மகிட்ட மீன் வாங்குற கடைக்காரவுகளும் ராத்திரி மெயினை இறக்குறவுகதானே, அவுகளும் இப்படியே ஐஸ் பெட்டிக்குத் தனி லைன் இழுத்தாத்தான் நம்ம சரக்கு குடுப்பேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா மெயினத் தொட்டிருக்க மாட்டேனே."

"அந்தப் பக்கம் இன்னும் வத்தல் கெடக்கே மாமா. இத்தன வருசமா தீப்பிடிக்காமக் காத்த கை. அத எதுக்கு நிறுத்தணும்?"

தனுஷ்கோடி வெளியே வந்தார். ஐஸ் மீனா என்று சிரித்தவர்கள் எல்லாம் எதிர் டீக்கடையில் உட்கார்ந்திருந்தார்கள். நேரே அங்கே போனார்.

"ஏலே, எம் மருமக மாதிரி கணக்குப் போட இந்தத் தெருவுல ஒருத்தன் இருக்கானா?" என்றார், ஊருக்கே கேட்கும்படி. கண்பட்டால் படட்டும்.