பிரபாவதியின் கால்

மரைக்கேயைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் நான் செய்த காரியத்தின் லட்சணம் உங்களுக்குப் புரியாது.

மரைக்கே நெதர்லாந்துக்காரி. கடலோரத்தில் ஏதோ ஒரு மீன்பிடி ஊர். பதினேழு வயதில் நாட்டு அணிக்கு வந்து, பதினைந்து வருடம் நடுக்களத்தில் கால்பந்து ஆடினாள். கோல் போட்டுப் பேர் வாங்குகிறவள் இல்லை. கோல் போடுகிறவளின் காலுக்குப் பந்தைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறவள். முழங்கால் போன பிறகு பயிற்சியாளர் ஆனாள். மூன்று கிளப்பில் வேலை போய், நான்காவது கிளப்பில் கோப்பை வாங்கினாள். இதெல்லாம் நான் செல்போனில் பார்த்தும் படித்தும் தெரிந்துகொண்டது. நானும் நடுக்களம், எனக்கும் வலது முழங்கால்தான் போனது, நானும் கோச் ஆனேன். ஒற்றுமை அத்தோடு சரி. பகலில் திண்டிவனத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர், சாயங்காலம் ஊர் மகளிர் அணிக்குக் கோச். பேர் ஜெசிந்தா.

மரைக்கே கோச்சாகி இரண்டாவது வருடம், தன் தோழி இல்ஸேயை அணியிலிருந்து எடுக்க வேண்டிவந்தது. இரண்டு பேரும் பத்து வருடம் ஒரே அறையில் தங்கி ஆடியவர்கள். இல்ஸேக்கு வேகம் குறைந்துவிட்டது. அதை வெளியே சொல்ல மனம் வராமல், பத்திரிகைக்காரர்களிடம் அவளுக்குக் காயம் என்று சொல்லிவிட்டாள் மரைக்கே. தோழியின் மானத்தைக் காப்பாற்றுவதாக நினைப்பு. காயக்காரி என்று பேரானதும் வேறு எந்தக் கிளப்பும் இல்ஸேயைக் கூப்பிடவில்லை. அவள் ஆட்டம் அதோடு முடிந்தது, மரைக்கேயோடு பேச்சும் முடிந்தது. ஒரு பேட்டியில் இதைச் சொல்லிவிட்டு மரைக்கே கொஞ்ச நேரம் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இவ்வளவு விவரம் தெரிந்தவள் இப்படிச் செய்யலாமா என்று நான் உச்சுக்கொட்டினேன். எனக்கு எப்போதும் வாய் கொஞ்சம் நீளம்.

என்னுடைய இல்ஸே பிரபாவதி.

பதினைந்து வருடம் நானும் அவளும் பக்கத்தில் பக்கத்தில் ஆடியிருக்கிறோம். நான் திரும்பிப் பார்க்காமலே பின்னால் தட்டிவிட்டால் பந்து அவள் காலில் இருக்கும். அப்போது அவளுக்கு பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் வேலை. பெருமுக்கலில் வாழ்க்கைப்பட்டாள். பெரிய ஆபரேஷன் செய்துதான் குழந்தை பிறந்தது. இரண்டு வருடம் மைதானத்துப் பக்கமே வரவில்லை. பிறகு ஒருநாள் ஷூவைத் தூக்கிக்கொண்டு வந்து நின்று, "ஏய் ஜெசி, எனக்கு எடம் இருக்குதா இல்லியா?" என்றாள். மற்ற பெண்கள் எல்லாம் என் பள்ளியில் படித்தவர்கள், என்னை மிஸ் என்பார்கள். அணியில் என்னை ஏய் போட்டுக் கூப்பிட அவள் ஒருத்திதான்.

அவள் ஆட வந்ததே மாமியார் சின்னபொண்ணுவின் தயவில்தான். புருஷன் லாரி ஓட்டுகிறார், மாதத்துக்கு இரண்டு முறை வீட்டுக்கு வந்தால் அதிகம். செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் கூலிவேலை முடிந்து வந்து சின்னபொண்ணு குழந்தையை வாங்கிக்கொண்டால்தான் பிரபாவதி பிராக்டிசுக்கு வர முடியும். பிள்ளை பெற்றவள் டவுசர் போட்டுக்கொண்டு ஓடுவதாவது என்று முதலில் மூன்று மாதம் முகம் திருப்பிக்கொண்டிருந்த அம்மாள்தான். எப்படியோ மனசு இறங்கிவிட்டது.

இறங்கியது மட்டுமில்லை. மாவட்ட இறுதி ஆட்டத்துக்கு ஒரு குட்டி யானை வண்டி பிடித்து, குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, கூட வேலை செய்கிற பதினோரு பெண்களோடு விழுப்புரம் மைதானத்துக்கே வந்துவிட்டது அந்த அம்மாள். ஒரு தூக்கு நிறைய அவித்த மல்லாட்டை வேறு, வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பேர். மருமகள் ஆடுவதை அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்க்கிறது. வண்டியைக் கோட்டுக்குப் பக்கத்திலேயே நிறுத்தி, பின்பக்கத்தைத் திறந்துபோட்டு வரிசையாக உட்கார்ந்தார்கள். பிரபாவதி அந்தப் பக்கம் பார்ப்பதும் ஜெர்சியை இழுத்துவிட்டுக்கொள்வதுமாக இருந்தாள்.

எதிரே விழுப்புரம் டவுன் அணி. ஜெயிக்கிறவர்கள் மாநிலப் போட்டிக்குப் போகலாம். அறுபதாவது நிமிடத்தில் ஒன்றுக்கு ஒன்று. பிரபாவதியால் முடியவில்லை. கொடுத்த பந்து மூன்று முறை எதிரியின் காலுக்குப் போனது. அவர்களின் ஏழாம் நம்பர்காரி அவளைத் தாண்டித் தாண்டி ஓடினாள். பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். அஸ்வினி என்கிற பத்தொன்பது வயதுப் பெண் கூப்பிடாமலே எழுந்து கைகால்களை உதறிக்கொண்டு நின்றாள்.

எங்கள் பக்கத்து மைதானங்களில் ஒரு வழக்கம் உண்டு. மூத்த ஆட்டக்காரியைச் சும்மா வெளியே எடுப்பதில்லை. காரணம் மைக். அன்றைக்கு மைக் பிடித்த அரங்கநாதன், ஆளை மாற்றினால் ஊர், பேர், யாருடைய மருமகள் வரைக்கும் சொல்லி, ஆட்டம் சரியில்லாததால் மாற்றப்படுகிறார் என்று வேறு சேர்ப்பார். கூட்டம் ஓவென்று கத்தும். அதனால் கோச் தன் கெண்டைக்காலைத் தொட்டுக் காட்டினால் போதும். உள்ளே இருப்பவள் தசை பிடித்த மாதிரி கீழே படுத்துவிடுவாள். பேண்டேஜ் சுற்றி, இரண்டு பேர் தோளில் தாங்கி அழைத்து வருவார்கள். மைக்கில் போராடிக் காயம்பட்டு வெளியேறுகிறார் என்று வரும். கை தட்டுவார்கள். நடிப்பு என்று ஆடுகிறவர்கள் எல்லாருக்கும் தெரியும், யாரும் வெளியே சொல்ல மாட்டார்கள்.

நான் குனிந்து கெண்டைக்காலைத் தொட்டேன்.

பிரபாவதி பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினாள், முடியாது என்று. இன்னொரு முறை தொட்டேன். அவள் வண்டிப் பக்கம் ஒருதரம் பார்த்தாள். பிறகு படுத்துவிட்டாள்.

கைதட்டல் நன்றாகவே கிடைத்தது. எனக்குப் பெருமை வேறு, தோழியைக் கௌரவமாக வெளியே கொண்டுவந்துவிட்டேன் என்று. அஸ்வினி உள்ளே போய் எழுபத்தெட்டாவது நிமிடத்தில் கோல் அடித்தாள். ஜெயித்தோம். பெண்கள் என்னைத் தூக்கப் பார்த்தார்கள், என் எடைக்கு அது நடக்கவில்லை. சிரித்துக்கொண்டே வண்டிப் பக்கம் திரும்பினேன்.

வண்டிமேல் பிரபாவதியைப் படுக்க வைத்திருந்தார்கள். சின்னபொண்ணு அவள் காலை மடியில் போட்டுக்கொண்டு, எங்கிருந்தோ வாங்கிய தேங்காயெண்ணெயைத் தேய்த்துக்கொண்டிருந்தது. கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை. சுற்றி இருந்த பதினோரு பெண்களும் ஆபரேஷன் பண்ணின உடம்பு, நரம்பு வாங்கிவிட்டது என்று ஆளுக்கொன்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். கால் சரியானால் திருவக்கரைக் காளிக்கு மாவிளக்குப் போடுவதாக வேண்டுதலும் ஆகிவிட்டிருந்தது.

என்னைப் பார்த்ததும் சின்னபொண்ணு கும்பிட்டது. "டீச்சரு, இன்னியோட வேணாம். இவ ஒடம்பு தாங்காது. இனிமே கொழந்தைய நான் பார்த்துக்க மாட்டேன், கோவிச்சிக்காதீங்க."

கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் பேசியிருப்பேன். அந்த அம்மாள் பயந்துபோய் இருந்தது. குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லையென்றால் பிராக்டிஸ் இல்லை, பிராக்டிஸ் இல்லையென்றால் பிரபாவதி இல்லை. முப்பத்தொரு வயதில் இன்னொரு முறை விட்டுவிட்டுத் திரும்பி வர முடியாது. அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அவளே எழுந்து நடந்து காட்டலாம். ஆனால் இத்தனை பேர் அழுது, எண்ணெய் தேய்த்து, வேண்டிக்கொண்ட பிறகு எப்படி எழுந்து நடப்பாள்? என்னைப் பார்த்தாள். சொல் என்கிறாளா, சொல்லிவிடாதே என்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை.

மேசையைப் பார்த்துக்கொண்டிருந்த மரைக்கேயின் முகம் எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. வெட்கமாக இருந்தது. மூன்று வருடத்துக்கு முன்னால் உச்சுக்கொட்டிய அதே வாயால்தான் இதையும் சொல்ல வேண்டியிருந்தது.

"அத்தை, அவ காலுக்கு ஒன்னும் ஆவல. நான்தான் படுக்கச் சொன்னேன்."

சின்னபொண்ணு தேய்ப்பதை நிறுத்தியது. "எதுக்கு?"

"ஆட்டம் சரியில்ல. மெதுவா ஆயிட்டா. அவ உள்ள இருந்திருந்தா தோத்திருப்போம். மைக்ல சொன்னா அசிங்கமா பூடும்னு கால் மேல பழியப் போட்டேன்."

மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்த கைகள் எல்லாம் நின்றுவிட்டன. பிரபாவதி என்னைப் பார்க்கவில்லை, வண்டியின் தகரத்தைப் பார்த்தாள். காது வரைக்கும் சிவந்துவிட்டது. அவளை அடித்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது.

சின்னபொண்ணு எண்ணெய்க் கையை முந்தானையில் துடைத்தது. நிதானமாகத்தான் கேட்டது. "மல்லாட்டை புடுங்கறப்ப கை ஓஞ்சவள நெரையிலேர்ந்து எழுப்பி, குந்திக்கினு புடுங்கின செடியில காய் ஆயச் சொல்லுவாங்க. அதுக்கு யாருனா கால் ஒடிஞ்ச மாதிரி படுப்பாங்களா?"

பெண்களில் இரண்டு மூன்று பேர் அதானே என்றார்கள். அவர்களுக்குக் கால்பந்து தெரியாது. ஒருத்தியை வெளியே எடுத்து இன்னொருத்தியை விடுவது ஏதோ முறை போலிருக்கிறது என்றுதான் காலையிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தார்களாம். நாங்களோ இவர்களுக்கு முன்னால் மானம் போய்விடும் என்று அந்தக் கூத்தை அடித்திருக்கிறோம்.

"நல்லா ஓடனா மறுபடியும் உள்ள உடுவியா?" என்று கேட்டது சின்னபொண்ணு. ஓடினால் விடுவேன் என்றேன். "அப்ப ஓடட்டும்" என்று சொல்லிவிட்டுத் தூக்கை மூடியது. மாவிளக்கை மட்டும் போட்டுத்தான் ஆகவேண்டும் என்றது, வேண்டிக்கொண்டது வேண்டிக்கொண்டதுதானாம்.

பிரபாவதி வண்டியிலிருந்து இறங்கினாள். காலில் இருந்த பேண்டேஜை அவிழ்த்து, ஒழுங்காகச் சுருட்டி என் கையில் வைத்தாள். 

ஒன்பது நாள் வரவில்லை. போன் எடுக்கவில்லை. தினமும் விடியற்காலையில் பெருமுக்கல் மலைப் படிகளில் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறாள் என்று அஸ்வினி வந்து சொன்னாள். பத்தாம் நாள் செவ்வாய்க்கிழமை, எல்லாருக்கும் முன்னால் மைதானத்தில் நின்றாள். குழந்தை வீட்டில் மாமியாரிடம் இருந்தது. அன்றைக்கு அவள் ஆடிய ஆட்டத்தைப் பார்த்து எனக்கே என் முழங்கால் மறந்துபோய் உள்ளே இறங்கிவிடலாம் போலிருந்தது. ஏழு பந்தைப் பறித்தாள். கொடுத்த பந்தில் ஒன்றுகூட வீணாகவில்லை. ஒருமுறை கையைத் தட்டி அவள் பேரைச் சொல்லிக் கத்தினேன். அவள் திரும்பவில்லை.

முடிந்ததும் பெண்கள் வழக்கம்போல வரிசையாக நின்றார்கள். எப்போதும் வரிசையில் நிற்காமல் என் பக்கத்தில் வந்து தண்ணீர் பாட்டிலைப் பிடுங்கிக் குடிப்பவள், அன்றைக்கு அஸ்வினிக்கு அடுத்து நின்றாள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு என்னைக் கேட்டாள்.

"மிஸ், வியாழக்கிழமை எத்தினி மணிக்கு வரணும்?"

சுருக்கென்று வலித்தது. இல்ஸே மரைக்கேயோடு பேசுவதே இல்லை. பிரபாவதி என்னோடு மரியாதையாகப் பேசுகிறாள். எது தேவலை என்று எனக்கு இன்னும் சொல்லத் தெரியவில்லை.

"நாலரைக்கு வந்துடு" என்றேன்.

"சரிங்க மிஸ்" என்றாள்.

மாநிலப் போட்டிக்கான பட்டியலை எடுத்து, அவள் எப்போதும் போடுகிற ஐந்தாம் நம்பருக்கு நேராக அவள் பேரை எழுதினேன்.