தலைகீழாக வைத்த கார்பன் தாள்

1954ஆம் வருஷம் ஐப்பசி மாதம், ஆஸ்டின் டவுனில் சின்னப்பா என்பவர் தன் மனைவி டைப் அடித்த ஒரு பக்கத்தை உரக்கப் படித்து முடித்தபோது, அவர் நெஞ்சிலிருந்து இரண்டு தோலா கரி அந்தத் தாளில் இறங்கியிருந்தது. அவருக்கு வைத்தியம் பார்த்த தியோடர் டாக்டர் அதைச் சுரண்டி எடுத்து மருந்துத் தராசில் நிறுத்துப் பார்த்தார். மழைக்காலம் என்பதால் ஈரத்துக்கென்று கொஞ்சம் கழித்துக்கொண்டு, தேதி போட்டு நோட்டில் எழுதி வைத்தார்.

சின்னப்பா யுத்த காலத்தில் கரி பஸ்ஸில் க்ளீனராக இருந்தவர். பெட்ரோல் கிடைக்காத அந்த நாட்களில் பஸ்ஸின் முதுகில் ஆளுயரத் தகர உலை ஒன்றை மாட்டி, அதில் மரக்கரியை எரித்து, அதிலிருந்து வரும் வாயுவில் வண்டியை ஓட்டினார்கள். காலையில் அரை மணி நேரம் கைப்பிடியைச் சுற்றி உலைக்குக் காற்று கொடுப்பதும், சாம்பலை வாரிக் கொட்டுவதும் சின்னப்பாவின் வேலை. சுதந்திரம் வந்து, பெட்ரோலும் வந்த பிறகு, பட்டாளம் இருந்த தண்டுப் பகுதியில் ஒரு சினிமாக் கொட்டகையில் படம் ஓட்டுகிற ஆபரேட்டரானார். அங்கேயும் கரி விடவில்லை. மிஷினுக்கு வெளிச்சம் தருவது எரிகிற இரண்டு கார்பன் குச்சிகள்தான். கரிக்கும் அவருக்கும் பூர்வ ஜென்ம பந்தம் என்று கொட்டகையில் கேலி செய்வார்கள். 1951இல் ஆபரேட்டர் அறையின் பதினாறு படிகளை ஏற அவருக்குப் பாதிப் படம் ஓடுகிற நேரம் பிடித்தபோது அந்தக் கேலி நின்றது.

அவர் மனைவி தனலக்ஷ்மி கோலார் தங்கவயலில் பிறந்தவள், சர்க்கார் ஆபீஸில் டைப்பிஸ்ட். தியோடர் டாக்டர் அவளிடம் ஒளிக்காமல் சொன்னார்: "இந்த ஊர்க் கரி உடம்புல என்ன பண்ணுதுன்னு ஒரு புஸ்தகம்கூட இல்லம்மா. நான் எதப் பாத்து மருந்து குடுக்கறது?" இன்னொருத்தியாக இருந்தால் அழுதுகொண்டே வீட்டுக்குப் போயிருப்பாள். தனலக்ஷ்மி போகிற வழியில் ஒரு ரீம் காகிதம் வாங்கினாள். இல்லாத புத்தகத்தை எழுதிவிடுவது என்று முடிவு செய்திருந்தாள். அந்தத் துணிச்சலை என்னவென்று சொல்வது! மூன்று வருஷம் மதிய இடைவேளையிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் பஸ் ஷெட், இஸ்திரி வண்டி, காபி ஹோட்டல் அடுப்பங்கரை என்று அலைந்தாள். எந்த மரத்துக் கரி, எந்தக் கையால் அள்ளுவீர்கள், இருமல் முதலில் எந்த மாதம் வந்தது என்று தமிழிலும் கன்னடத்திலும் துருவித் துருவிக் கேட்டாள். அவள் தலை தெரிந்தால் அடுப்படியில் இருப்பவர்கள் பின்பக்கமாக நழுவிப் போவதும் உண்டு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கரி பஸ் அத்தியாயத்தை அடிக்கும்போது, டைப் பழகிய பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக, கார்பன் தாளைத் தலைகீழாக வைத்துவிட்டாள். அப்படி வைத்தால் கரி கீழ்த்தாளுக்குப் போகாது; மேல்தாளின் முதுகில் திரும்பி ஏறும். இது எல்லா டைப்பிஸ்டுக்கும் தெரிந்த விஷயம். காகிதத்தை வீணாக்க மனமில்லாமல் அந்தப் பக்கத்தைக் கணவரிடம் படிக்கக் கொடுத்தாள். படிக்கப் படிக்கக் கரி அவரிடமிருந்தும் திரும்பிவந்து தாளில் ஏறியது. திரும்பிப் போகிற கரிக்கு நெஞ்சென்ன, தாளென்ன என்று டாக்டரும் ஒப்புக்கொண்டார்.

விஷயம் பரவியதும் வீட்டு வாசலில் வரிசை நின்றது. தனலக்ஷ்மி ஒவ்வொருவருக்கும் அவரவர் தொழிலைப் பற்றிய பக்கத்தைத் தலைகீழ்க் கார்பனில் அடித்துக் கொடுத்தாள். படிக்கத் தெரியாதவர்கள் அவள் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொன்னார்கள். இஸ்திரி போடும் முனியப்பனுக்கு மட்டும் மூன்று தடவை படித்தும் தாள் வெள்ளையாகவே இருந்தது. கரியை விசிறியால் வீசுவதாகத்தான் அவர் முன்பு சொல்லியிருந்தார். குடைந்து கேட்டபின், விசிறி பேருக்குத்தான், வாயால் ஊதுவதுதான் வழக்கம் என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். அந்த ஒரு வரியைத் திருத்தியதும் கரி இறங்கியது. எழுதியது நிஜமாக இருந்தால்தான் வேலை செய்யும் என்று அப்போது தெரிந்தது. அதன்பின் புத்தகம் முழுவதையும் வரிவரியாகச் சரிபார்க்க அவளுக்கு இன்னும் நாலு வருஷம் ஆயிற்று. நூற்றுப்பதினேழு பேர் குணமானார்கள்.

குணமாகாதவர் சின்னப்பா ஒருவர்தான். இரண்டு தோலா இறங்கியதோடு சரி. புளியங்கொட்டை அளவு ஒன்று நடு நெஞ்சில் தங்கிவிட்டது. 1958 மார்கழியில் அவரால் படுக்க முடியவில்லை, தலையணையை மடியில் வைத்து உட்கார்ந்தபடியே மூச்சு வாங்கினார். பொங்கலைத் தாண்டுவது கஷ்டம் என்றார் டாக்டர். தனலக்ஷ்மி கரி பஸ் அத்தியாயத்தை எட்டுத் தடவை திருத்தினாள். உலையின் உயரத்தை மறுபடி அளந்துவந்தாள், ஷெட் திறக்கும் நேரத்தைக் கேட்டுவந்தாள். எல்லாம் சரியாகவே இருந்தன. எது சரியில்லை என்பது அவளுக்கு முதலிலிருந்தே தெரியும். பெட்ரோல் வந்ததும் க்ளீனர்கள் அந்த வேலையை விட்டார்கள் என்று எழுதியிருந்தாள். சின்னப்பா அதற்கு மூன்று வருஷம் முன்பே விட நினைத்தவர்.

ஒரு காலை நேரம், ஆபீஸுக்கு லீவு சொல்லிவிட்டு, மிஷின் முன் உட்கார்ந்து ஒரே ஒரு வரி அடித்தாள். இரண்டு எழுத்துப் பிசகியதைத் திருத்தாமலே கொடுத்தாள். சின்னப்பா அதை வாங்கி மனதுக்குள் படித்துவிட்டுத் தாளைக் கவிழ்த்து வைத்தார்.

"இது ஊருக்குத் தெரியணுமா, தனம்? நான் என்னிக்காவது உன்ன ஒரு வார்த்த கேட்டேனா?"

"கேக்கலீங்க. அதான் உள்ளயே நின்னுபோச்சு. வாய்விட்டுப் படிங்க."

அவர் படித்தார். தாள் ஓரம் முதல் ஓரம் வரை கறுத்தது. சின்னப்பா படுக்கையில் சாய்ந்து சாயங்காலம் வரை தூங்கினார். தனலக்ஷ்மி பக்கத்தில் உட்கார்ந்து, ஏழு வருஷத்தில் முதல் தடவையாக, வாய்விட்டு அழுதாள்.

புத்தகம் 1961இல் அச்சானது. கறுத்துப்போன அந்தப் பக்கத்தில் ஒன்றும் தெரியவில்லையே, விட்டுவிடலாமா என்று அச்சகத்தில் கேட்டார்கள். அவள் அங்கேயே ஒரு மிஷினைக் கேட்டு வாங்கி, கார்பன் தாளைச் சரியான பக்கம் வைத்து, மறுபடி அடித்துக் கொடுத்தாள். நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கத்தில் இன்றைக்கும் இருக்கிறது: "1944 ஆடி மாதம், இருமலில் ரத்தம் கண்ட ஒரு க்ளீனர் வேலையை விடுகிறேன் என்றார். நான் டைப் பரீட்சை முடிக்கும்வரை போய்வாருங்கள் என்று அவரை அனுப்பியவள், இந்தப் புத்தகத்தை எழுதிய நான்."