பத்து மணி வெயில்

ஐந்தரை மணிச் சங்கு ஊதியபோது வானத்தில் இன்னும் நட்சத்திரம் இருந்தது. தொழிற்கூடத்து ஆட்கள் முப்பத்திரண்டு பேரும் வாயில் துணியைக் கட்டிக்கொண்டு உள்ளே போனார்கள். சல்லடைக்காரர் முதல் மூட்டையைக் கவிழ்த்தார். காய்ந்த இலைத்தூள் குப்பென்று கிளம்பி விளக்கை மறைத்தது. நாக்கில் கசப்பு, கண்ணில் எரிச்சல், தும்மினால் கைக்குட்டை பச்சையாகும். அவர்களுக்கு விடிவது இப்படித்தான். கூடத்தில் எட்டு சன்னல்கள் இருந்தன, எட்டுக்கும் கறுப்பு வர்ணம் அடித்திருந்தார்கள். வெயில் பட்டால் இலை வெளுத்துப்போகுமாம். ஆள் வெளுத்துப்போனால் யாருக்கு என்ன வந்தது?

அங்கே பெட்டியில் அடைத்தது என்ன தெரியுமா? மனச்சோர்வைப் போக்கும் மூலிகைத் தேநீர்! பெட்டியின் மேல் ஒரு பெண் உதிக்கிற சூரியனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பாள். "கொடுத்து வச்சவ. அவளாவது சூரியனைப் பாக்குறா" என்று ரேடியோ ஒருமுறை சொல்லி, மேசை முழுக்கச் சிரிக்க வைத்திருக்கிறாள்.

ரேடியோ எடை போடுகிறவள். பக்கத்தில் உட்கார்ந்து, பெட்டிக்குள் வைக்கிற குறிப்புத் தாளை மடிப்பவள் அவளுடைய அண்ணன் மனைவி. வேலைநேரத்தில் பேசினால் எண்ணிக்கை தவறும் என்று முதலாளி வாய்ப்பூட்டு போட்டிருந்தும், துணிக்குள்ளேயே ஊர்க்கதையெல்லாம் ஒலிபரப்பியதால் வந்த பட்டப்பெயர் அது. அந்த ரேடியோ நின்றுபோய் இரண்டரை மாதம் ஆகிவிட்டது. தலை வாருவதில்லை. தட்டில் போட்டது அப்படியே இருக்கும். வீட்டுக்கு வந்ததும் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வாள், ஆனால் தூங்கமாட்டாள்.

"உனக்கு என்னடி ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலை அண்ணி. உள்ள ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கு. அவ்வளவுதான்."

"எல்லாம் கொழுப்பு" என்றான் அண்ணன்காரன். "உங்க தங்கச்சி உடம்புல கொழுப்பு எங்க இருக்குன்னு தேடிப் பாருங்க, எலும்புதான் இருக்கு" என்று மடிப்புக்காரி எரிந்து விழுந்தாள். ஆனால் அவளுக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. இருப்புக்கொள்ளாமல் எழுந்து எழுந்து நடந்தாள். கடைசியில் ஒரு யோசனை வந்தது. ஊரெல்லாம் இந்த நோய்க்கு வாங்கிக் குடிக்கிற மருந்தைத் தன் கையால்தானே அடைக்கிறோம்! கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவானேன்?

கழித்துப்போட்ட பொட்டலங்களைச் சாப்பாட்டுத் தூக்கில் ஒளித்துக்கொண்டு போனாள். வேளைக்கு மூன்றாகப் போட்டு, கறுப்பாகும்வரை கொதிக்கவைத்துக் கொடுத்தாள். ரேடியோ மறுக்கவில்லை. மறுப்பதற்குக்கூட ஒரு தெம்பு வேண்டுமே. இருபது நாள் குடித்ததில் வாந்தி வந்தது, கை நடுங்கியது. வியாழக்கிழமை காலை அவள் எடைத்தட்டின் மேலேயே மயங்கிச் சரிந்தாள்.

"சனிக்கிழமையோட நின்னுக்கச் சொல்லு" என்று அண்ணியிடம் சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போனார் முதலாளி.

இந்த வேலைக்காகத்தான் ரேடியோ படுக்கையை விட்டே எழுந்திருக்கிறாள். இதுவும் போனால் சுவரைப் பார்த்துப் படுத்தவள் திரும்பியே பார்க்கமாட்டாள். மடிப்புக்காரி நேரே முதலாளி அறைக்குப் போனாள். அங்கே பெரிய சன்னல், அதில் வர்ணம் இல்லை.

"அவ மேல தப்பில்லைங்க. நான்தான் நம்ம டீயைக் காய்ச்சிக் காய்ச்சிக் கொடுத்தேன். அதுதான் ஒத்துக்கலை."

முதலாளிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "டீயை மட்டும் குடிச்சா எல்லாம் தீர்ந்துடுமா? எவ்வளவு குடிக்கணும், வேற என்னென்ன செய்யணும்னு தாள்ல விவரமா போட்டிருக்கே. பதினோரு வருஷமா நீதானே மடிக்கிறே? ஒரு நாளாவது படிச்சியா?"

அவள் படிக்கவில்லைதான். அச்சு உள்ளே, வெள்ளை வெளியே, ஆறு மடிப்பு, கட்டைவிரல் நகத்தால் ஓர் இழுப்பு. நாளைக்கு மூவாயிரம் தாள். நகம் தேய்ந்து தட்டையாகிவிட்டது. எழுத்து அவளுக்குத் தெரியும், எட்டாவதுவரை படித்தவள். எழுத்தைப் பார்த்தால் கை நிற்கும், கை நின்றால் வசவு விழும். அதனால் பார்க்காமலே மடித்துப் பழகியிருந்தாள்.

இடத்துக்கு வந்து, மடித்த தாள் ஒன்றைப் பிரித்தாள்.

'தேநீர் துணைக்கு மட்டுமே. நாளைக்கு இரண்டு கோப்பைக்கு மேல் வேண்டாம். தினமும் காலையில் அரை மணி நேரமாவது வெயிலில் நடங்கள். எட்டு மணி நேரம் தூங்குங்கள். வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள். வேண்டியவர்களோடு மனம்விட்டுப் பேசுங்கள். சோர்வு இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள். தள்ளிப்போடாதீர்கள்.'

"அடிப்பாவி!" என்று தன்னையே திட்டிக்கொண்டாள். பாவம், அந்தப் பிள்ளைக்கு என்ன கொடுமை செய்துவிட்டோம் என்று கண் நிறைந்தது. இரண்டாம் முறை படித்தபோது கண்ணீர் வரவில்லை, கோபம் வந்தது. தாளை அச்சு வெளியே தெரியும்படி மடித்து மேசையில் தள்ளிவிட்டாள். அது கைமாறிக் கைமாறிப் போயிற்று.

சாப்பாட்டு வேளையில், எழுத்துத் தெரியாத சல்லடைக்காரருக்காக உரக்கப் படித்துக் காட்டினாள்.

"இதுல ஒண்ணாவது நமக்குக் கிடைக்குதா?" என்று கேட்டார் அவர்.

"ஏன் கிடைக்கலை? டீத்தூள் கிடைக்குதே, மூக்கு வழியா!" என்றாள் பெட்டி ஒட்டுகிறவள்.

சிரித்து ஓய்ந்ததும் சல்லடைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். "எனக்கும் ரெண்டு வருஷமா காலையில எழுந்திருக்கவே பிடிக்கலைம்மா. வயசாயிடுச்சுன்னு நினைச்சேன்."

யாரும் சிரிக்கவில்லை. "எனக்கும்தான்" என்று ஒரு குரல் வந்தது, அப்புறம் இன்னொன்று. அன்று ஒருவரும் சாப்பாட்டை முடிக்கவில்லை. நாளைப் பத்து மணிக்கு என்ன செய்வது என்ற பேச்சுதான் முடிவானது.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு மடிப்புக்காரி தாளைக் கீழே வைத்தாள். சல்லடை நின்றது. முப்பத்திரண்டு பேரும் எழுந்தார்கள். ரேடியோவின் கையைப் பிடித்து அண்ணி அழைத்துக்கொண்டு போனாள். முற்றத்தில் வெயில் சுளீரென்று முகத்தில் அடித்தது. எல்லோரும் கண்ணைக் கசக்கிக்கொண்டு, வாய்த்துணியை அவிழ்த்துவிட்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். இத்தனை வருஷம் பக்கத்தில் உட்கார்ந்தவர்களுக்கு இவ்வளவு நரை இருக்கிறதா!

முதலாளி ஓடிவந்தார், செருப்பில் ஒன்று கழன்றது. "என்ன இதெல்லாம்? வேலையைப் போட்டுட்டு இங்க என்ன பண்றீங்க?"

"நீங்கதானே படிக்கச் சொன்னீங்க? படிச்சோம். தாள்படி நடக்கிறோம்" என்றாள் மடிப்புக்காரி.

"அது வாங்குறவங்களுக்குப் போட்டதும்மா!"

"அப்படின்னா அதையும் அச்சடிச்சிடுங்க. 'மடிச்சவங்களுக்கு இது பொருந்தாது'ன்னு. நானே மடிச்சு உள்ள வைக்கிறேன்."

"சன்னலைத் திறந்தா இலை வெளுத்துடும். தொழில் தெரியாமப் பேசாதீங்க."

சல்லடைக்காரர் முன்னால் வந்தார். "தொழில் எங்களுக்குத் தெரியும். இலைக்கு வெயில் ஆகாது, இருட்டுலயே இருக்கட்டும். எங்களுக்கு வெயில் வேணும், தினம் அரை மணி விடுங்க. விடிஞ்ச பிறகு சங்கு ஊதுங்க, தூங்கி எழுந்து வரோம். வேலை செய்யும்போது நாலு வார்த்தை பேசிக்குவோம். இந்தப் பொண்ணு டாக்டரைப் பாக்கணும், அதுவரைக்கும் அவ இடம் அவளுக்கே இருக்கணும்."

"ஒரு பொண்ணுக்காக இத்தனை பேரா?"

"அவ முதல்ல விழுந்துட்டா. அவ்வளவுதாங்க வித்தியாசம்."

முதலாளியின் முகம் சிவந்தது. "இப்பவே உள்ள போகலைன்னா நாளைக்கு வாசல்ல பூட்டுத் தொங்கும். எல்லாரும் வேற வேலை பாத்துக்கங்க."

பயம் இல்லை என்று சொன்னால் அது பொய். பெட்டி ஒட்டுகிறவள் இரண்டு பிள்ளைகளைத் தனியாக வளர்க்கிறவள், அவள் கால் கதவுப் பக்கம் ஓர் அடி எடுத்து வைத்துவிட்டது. மடிப்புக்காரிக்கே சந்தேகம் வந்துவிட்டது. தெரியாமல் மருந்து கொடுத்துக் கெடுத்தோம், இப்போது எல்லோர் பிழைப்பையும் சேர்த்துக் கெடுக்கிறோமோ?

அப்போது அவள் கையை யாரோ இழுத்தார்கள்.

"அண்ணி" என்றாள் ரேடியோ. குரல் துருப்பிடித்துப் போயிருந்தது. வாசல் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இன்னும் அரை மணி ஆகலை. பதினெட்டு நிமிஷம் பாக்கி இருக்கு."

எடை போடுகிறவள் அல்லவா, ஒரு குன்றிமணிகூடக் குறைய விடமாட்டாள்! யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பெட்டி ஒட்டுகிறவள் எடுத்து வைத்த அடியைத் திரும்ப எடுத்துக்கொண்டாள்.

"பூட்டினா பூட்டிக்கட்டும். நாளைக்கும் பத்து மணிக்கு வருவோம். வாசலுக்கு வெளியதான் இன்னும் நல்ல வெயில்" என்றார் சல்லடைக்காரர்.

ரேடியோ சிரிக்கவில்லை. சொன்ன சொல்லிலேயே களைத்து, அண்ணியின் தோளில் சாய்ந்துகொண்டாள். மத்தியானம் அவளை மருத்துவமனைக்கு அழைத்துக்கொண்டு போக மூன்று பேர் பெயர் கொடுத்திருந்தார்கள். நாளைக்கு வேலை இருக்குமா என்று ஒருவருக்கும் தெரியாது.

"வாடி" என்றாள் மடிப்புக்காரி. "உக்காரச் சொல்லலை, நடக்கச் சொல்லித்தான் போட்டிருக்கு."

முதலாளி நிழலில் நின்று பார்த்துக்கொண்டிருக்க, முப்பத்திரண்டு பேரும் பேசிக்கொண்டே முற்றத்தைச் சுற்றி நடந்தார்கள். ரேடியோ எப்படி நடந்தாளோ, எல்லோரும் அந்த வேகத்திலேயே நடந்தார்கள்.